எலும்புக்கு அவசரம் தெரியாது



வீட்டில் ஒருவருக்கு மாவுக்கட்டு போட்ட மறுநாளே ஆரம்பித்துவிடும் கேள்வி எது? ‘எப்போ பிரிப்பாங்க?’ பரீட்சை வருகிறது, கல்யாணம் வருகிறது, ஆபீஸில் லீவ் இல்லை. அவசரத்துக்கா காரணம் கிடைக்காது!

பொறுமையையே வைத்தியமாக்கிய ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. பெயர் ஹ்யூ ஓவன் தாமஸ். 1834-ல் வேல்ஸ் பகுதியின் ஆங்கில்சி தீவில் பிறந்தவர். பரம்பரையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் குடும்பம். அப்பா ஈவன் தாமஸ் லிவர்பூலில் பேர்போன வைத்தியர். பட்டம் இல்லாதவர் என்று டாக்டர்கள் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அவரோ தன் ஐந்து மகன்களையும் டாக்டருக்கே படிக்க வைத்துவிட்டார்!

புத்தூர் கட்டா, ஆஸ்பத்திரியா என்று நம் வீடுகளில் நடக்கும் விவாதம் நினைவுக்கு வருகிறதா? தாமஸிடம் பரம்பரைக் கைப்பழக்கமும் இருந்தது, மருத்துவப் படிப்பும் இருந்தது.

லிவர்பூலின் துறைமுகத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளிடம் காசு வாங்கவில்லை. முழங்கால் மூட்டில் காசநோய் வந்தால் காலையே வெட்டி எடுத்துவிடும் காலம் அது. ‘அசையாமல், இடைவிடாமல், நெடுநாள் ஓய்வு கொடுங்கள்’ என்றார் தாமஸ். காலை அசையவிடாமல் பிடிக்க, தொடையின் மேற்புறம் ஒரு வளையமும் அதிலிருந்து இறங்கும் இரண்டு கம்பிகளுமாக ஒரு இரும்புச் சட்டத்தை வடிவமைத்தார். 1875-ல் புத்தகமும் எழுதினார். சக டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1891-ல் காலமானார்.

அவர் மனைவிக்கு உறவான ராபர்ட் ஜோன்ஸ் 16 வயதிலிருந்து அவர் வீட்டில் வளர்ந்து, தொழில் கற்று, டாக்டரானவர். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் ஏராளமாக இறந்தார்கள். தூக்கிச் செல்லும்போது ஏற்படும் குலுக்கலில் முறிந்த எலும்பு சதையைக் கிழிக்கும், ரத்தம் போகும். ஜோன்ஸ் விடாமல் வற்புறுத்தி அந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுவந்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

இன்று ஆபரேஷன் முடிந்த மறுநாளே சிலரை நடக்க வைக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் எப்போது நடக்கலாம், எத்தனை நாள் ஓய்வு என்பதை டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம், கல்யாணத் தேதியும் வேண்டாம்.

பொறுமை என்றால் அலட்சியம் இல்லை. கட்டுக்குக் கீழே விரல் வீங்கினால், மரத்துப்போனால், நிறம் மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி கட்டு இருக்கும் வரை இருக்கட்டுமே. எலும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்