இடித்தார்கள், வழி பிறந்தது

நெரிசலா? இன்னொரு மேம்பாலம் கட்டு! நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இதுதான். தென்கொரியத் தலைநகர் சியோல் 2003-இல் நேர்மாறாகச் செய்தது. சொங்கேசொன் ஓடையின் மேல் ஓடிய உயர்மட்டச் சாலையை இடிக்கத் தொடங்கியது. ஊரே ஸ்தம்பிக்கும் என்று பலர் பயந்தார்கள். 2004 ஜூலையில் பேருந்துத் தடங்களைத் திருத்தியமைத்தார்கள். முக்கியச் சாலைகளின் நடுவே பேருந்துக்கென்று தனிப்பாதை விட்டார்கள். மெட்ரோவுக்கு மாறி ஏறினாலும் பயண தூரத்துக்குத்தான் கட்டணம். பயந்தபடி ஊர் ஸ்தம்பிக்கவில்லை. 2005-இல் ஓடை திறந்துவிடப்பட்டது. கார்கள் இரைந்த இடத்தில் இப்போது மக்கள் தண்ணீரில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஐம்பது பேருக்கு ஒரு பேருந்து போதும். ஆளுக்கொரு கார் என்றால் தெருவே போதாது. அடுத்த மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டுமுன், அந்தப் பணத்தில் எத்தனை பேருந்து வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐயா.