கடைசிக் குறிப்பு

சமன்பாட்டின் முன் திணறி நிற்கும் மாணவனுக்கு எவ்வளவு சொல்வது என்பது ஆசிரியத் தொழிலின் பழைய சிக்கல். ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியான தமது நூலில், தேடுவது என்ன, கைவசம் இருப்பது என்ன என்பது போன்ற, மாணவனுக்கே தோன்றியிருக்கக்கூடிய கேள்விகளைத்தான் பரிந்துரைத்தார். குறைவாகச் சொல்வதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையைக் கணினிக்குக் கற்பிக்கும் முயற்சி, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் குழுவினரால் 1980களிலேயே தொடங்கிவிட்டது. ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 5 கூட்டினால் 20 வருகிறது என்று கணக்கு. பொத்தானை அழுத்தினால், எண்ணைத் தனியாக்க முதலில் எதை நீக்கலாம் என்று கணினி கேட்கும். மீண்டும் அழுத்தினால், இருபுறமும் 5ஐக் கழிக்கச் சொல்லும். மேலும் அழுத்தினால், 15 என்று எழுதச் சொல்லிவிடும்.

படிகள் நேர்த்தியானவைதான். ஆனால் மாணவர்கள் படிப்படியாக இறங்கவில்லை. வின்சென்ட் அலெவனும் கென்னத் கோடிங்கரும் 2000இல் எழுதிய கட்டுரை இரண்டு உண்மைகளைக் காட்டியது. உதவி தேவைப்படும் தருணங்களில் பலர் அதைக் கேட்பதே இல்லை. கேட்பவர்களோ இடைக் குறிப்புகளைப் படிக்காமல் கடைசிக் குறிப்புக்குத் தாவுகிறார்கள். 2004இல் ரயன் பேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இப்படி மென்பொருளை ஏய்க்கும் மாணவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்று பதிவு செய்தனர். (குறளைப் படிக்குமுன் பரிமேலழகரைப் புரட்டும் நாம் இதைக் கண்டு அதிகம் வியப்படைய வேண்டியதில்லை.)

அப்படியானால் கடைசிக் குறிப்பை அகற்றிவிடலாம் என்பது பலருடைய முதல் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைக்கு அது ஒன்றே துணை. தவிரவும், அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் வந்த ஓர் ஆய்வின்படி, விடையைப் பார்த்தபின் சற்று நின்று யோசித்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தனர். விடை அவர்களுக்கு மாதிரிக் கணக்காக மாறியிருக்கிறது. ஆக, கவனிக்க வேண்டியது விடைக்குப் பிறகான அந்தச் சில வினாடிகளை.

துருக்கியில் 2023இல் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனை இதைக் கூர்மையாக்குகிறது. கேட்டதும் விடை தரும் உரையாடல் மென்பொருளுடன் பயின்றவர்கள், அது இல்லாமல் எழுதிய தேர்வில், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினர். தாங்கள் குறைவாகக் கற்றதாக அவர்கள் கருதவும் இல்லை! ஆசிரியர்களின் துணையோடு, குறிப்பு மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட மற்றொரு வடிவத்தில் இச்சரிவு பெருமளவு நீங்கியது. ஆனால் அவர்களும் வழக்கமான முறையில் படித்தவர்களை விஞ்சவில்லை. குறிப்பைச் செம்மையாக்கினால் போதும் என்போர் இந்தப் பிற்பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

என் நோக்கில் குறை, குறிப்பு எவர் கண்ணிலும் படாமல் தீர்ந்துபோவதில் இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு அசிஸ்ட்மென்ட்ஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்திய பள்ளிகளில், 2016இல் வெளியான ஆய்வு தெளிவான முன்னேற்றத்தைக் கண்டது. பின்தங்கியிருந்த மாணவர்களே அதிகம் பயனடைந்தனர். அங்கே மென்பொருள் மாணவனுக்கு உதவியதோடு நிற்கவில்லை. யார் எந்தக் கணக்கில் தடுமாறினார்கள் என்பது ஆசிரியருக்கும் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டு எந்தக் கணக்கை வகுப்பில் மறுபடி எடுப்பது என்று அவர் தீர்மானிக்க முடிந்தது. இன்று கைப்பேசியில் இரவு பத்து மணிக்கு வாங்கப்படும் விடையைப் பற்றி எந்த ஆசிரியருக்கும் தகவல் போவதில்லை.