செய்தவர் பெயர்

திருப்பெரும்பூதூரை அடுத்த ஒரகடத்தில் 2013ஆம் ஆண்டு முதல் இராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஆலை நடைபெற்று வருகிறது. அங்கே எந்திரங்கள் செய்யும் வேலை பல. எனினும் புல்லட் வண்டிகள் சிலவற்றின் பெட்ரோல் தொட்டியில் ஓடும் பொன்னிறக் கோட்டை இன்றும் மனிதர் கையே தீட்டுகிறது. அளவுகோல் இல்லை, ஓரம் பிடிக்க ஒட்டுத்தாளும் இல்லை. வளைந்து சரியும் இரும்புப் பரப்பின்மீது தூரிகை ஒரே சீராய் இழைந்து செல்லவேண்டும். நடுவே கை தயங்கினால் கோடு தடித்துவிடும். தந்தையிடம் மகன் பழகிய கைவேலை இது.

வண்டியின் பதிவுச் சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் உண்டு. இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் உண்டு. கோடு தீட்டியவர் பெயர் அதில் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசு மாநகரில் வழக்கம் வேறாக இருந்தது. அந்நகரச் செல்வர் மூக்குப்பொடி வைக்கப் பொற்பேழைகள் செய்வித்தனர். நம்மூர்ப் பொடி டப்பியின் வேலைதான் அதற்கும். ஆயினும் அதன் பக்கங்களில் நுண்ணிய செதுக்குவேலையும் எனாமல் ஓவியமும் பொலிந்தன. மூடியைச் சாத்தினால் கீல் இருக்குமிடமே தெரியாது. அத்தகைய பேழையில் பொற்கொல்லர் தம் முத்திரையைப் பொறித்தாக வேண்டும் என்பது சட்டம். முடியணிந்த லில்லி மலர், இரு சிறு புள்ளிகள், பெயரின் முதலெழுத்துகள், தமக்கென ஓர் உருவம் ஆகியவை அம்முத்திரையில் இருக்கும். இது புகழுக்காக ஏற்பட்டதன்று; பொன்னின் மாற்றுக் குறைந்தால் செய்தவரைப் பிடிப்பதற்காக ஏற்பட்டது. ஆனால் 1734இல் தலைமைக் கொல்லர் நிலையை எய்திய ழான் டியூக்ரோலேயின் பேழைகளை லூவர் அருங்காட்சியகத்தார் இன்று இனங்காண்பதற்கு அம்முத்திரையே துணை. அம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. பட்டறைத் தலைவர் பெயர் நின்றது. செதுக்கியவர், வண்ணம் தீட்டியவர் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. அக்குறையை நாமும் பின்பற்ற வேண்டுவதில்லை.

ஆயிரம் கைகள் கூடிச் செய்யும் பொருளில் ஒருவர் பெயரை மட்டும் எழுதலாமா என்று வினவுவோர் உளர். நேர்மையான வினாவே. ஆனால் திருகாணியை எவர் முடுக்கினும் கருவி அதனை ஒரே அளவில் நிறுத்திவிடும். கோடு அவ்வாறன்று. இருவர் தீட்டிய கோடுகள் ஒருநாளும் ஒன்றாகமாட்டா. கை மாறினால் பொருளும் மாறும் இடத்தில் அக்கைக்கு உரியவர் பெயர் இருத்தலே முறை. அதற்குப் புதுக் கருவியோ பெருஞ்செலவோ வேண்டா. தொட்டியின் அடிப்புறத்தில் ஒரு விரற்கடை இடமும், அதே தூரிகையில் எஞ்சிய பொன்வண்ணமும் போதும்.