நீளக் குழல் இருந்தால் குறி தப்பாதா?

ஒஹாயோவில் இருக்கும் என் தம்பி மகன் குறி சுடுதலில் இறங்கியிருக்கிறான். அந்த மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஓர் இடம். 1907 முதல் அமெரிக்காவின் தேசியப் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன. 200, 300, 600 கஜத்தில் சுடுகிறார்கள். இவனுக்கும் 600 கஜத்தில் சுட ஆசை. கையில் பணம் குறைவு. "பெரியப்பா, விலை குறைவான அப்பர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். குழல் 24 அங்குலம். 20 அங்குலத்தைவிட நீளம்தானே நல்லது?" என்று கேட்டான்.

அப்பர் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஆர்-15 துப்பாக்கி இரண்டு பாதியாகக் கழன்று வரும். நடுவில் இரண்டு பின்கள்தான். விசை இருக்கும் கீழ்ப்பாதிதான் அந்நாட்டுச் சட்டப்படி துப்பாக்கி. எண் பொறித்திருப்பதும் அதில்தான். குழல் இருக்கும் மேல்பாதி வெறும் உதிரி பாகம், தபாலிலேயே வரும். அதுதான் அப்பர். நம் ஊரில் ஏர்கன் வாங்கவே யோசிக்கிறோம்!

நீளம் பற்றிய நம்பிக்கை பழையது, அதற்குக் காரணமும் உண்டு. டெலஸ்கோப் இல்லாத காலத்தில் முன்னால் ஒரு குறிமுள், பின்னால் ஒரு காடி, இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துச் சுட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் கண்ணின் பிழை குறையும். நம் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்தோமே, அந்த .303 லீ என்ஃபீல்டுக்கே இந்தச் சண்டை நடந்தது. பழைய லீ என்ஃபீல்டின் குழல் 30.2 அங்குலம். 1900களின் தொடக்கத்தில் அதை 25.2 ஆகக் குறைத்தபோது, இனி குறி எங்கே விழும் என்று பலர் கூச்சல் போட்டார்கள். அந்தக் குட்டைத் துப்பாக்கிதான் இரண்டு உலகப் போர்களிலும் உழைத்தது. மேலே டெலஸ்கோப் ஏறிவிட்டால் குறிமுள் கணக்குக்கே இடமில்லை.

பிறகு நீளம் எதற்கு உதவும்? வேகத்துக்கு. இந்த ரகத் தோட்டாவில் ஓர் அங்குலம் கூடினால் நொடிக்குச் சுமார் 25 முதல் 40 அடி வேகம் கூடும். நான்கு அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம். 77 கிரெய்ன் குண்டு 20 அங்குலக் குழலிலிருந்தே நொடிக்குச் சுமார் 2,700 அடியில் கிளம்புகிறது. 600 கஜம் போய்ச் சேரும்போதும் அது ஒலியைவிட வேகமாகத்தான் போகும். 1,000 கஜம் சுடுகிறவன் கதை வேறு. அங்கே குண்டு ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தடுமாறும், ஒவ்வோர் அங்குலமும் பயன்படும். இவன் போவது 600க்கு.

நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சொல்ல எனக்குத் துப்பாக்கி ஞானம் வேண்டியதில்லை, 35 வருடம் லேத்தோடு மாரடித்தது போதும். போரிங் பாரை இரண்டு விரற்கடை அதிகம் நீட்டினால் என்ன ஆகும் என்று பட்டறையில் சேர்ந்த ஆறாம் மாதமே பையனுக்குத் தெரிந்துவிடும். அதிர்ந்து அலறும். வளைவு நீளத்தின் மூன்றாம் படியில் கூடும். ஒரே பருமனில் 20 அங்குலக் கம்பியை 24 ஆக்கினால், அதே விசைக்கு முக்கால் பங்கு அளவு அதிகம் வளையும். பருமன் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது, அதுவும் நான்காம் படியில். ஐந்தில் ஒரு பங்கு தடிமன் கூட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு. மலிவு விலையில் நீளம் கொடுப்பவன் தடிமனில்தான் மிச்சம் பிடிப்பான் என்பது என் சந்தேகம். 20 அங்குலத்தில் தடித்த குழல் கிடைத்தால் அதுதான் என் கட்சி. கைப்பிடி உறை குழலைத் தொடாமல் இருக்க வேண்டும். வாரை இழுத்துப் பிடித்துச் சுடும்போது உறை குழலை அழுத்தினால், குண்டு விழும் இடமே நகர்ந்துவிடும்.

நீளத்தைவிட முக்கியமாக அவன் கேட்க வேண்டியது முறுக்கு. குழலுக்குள் இருக்கும் மரை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது. குண்டும் பம்பரம் மாதிரிதான். சுழற்சி போதாவிட்டால் தலையாட்டும். கனமான குண்டு நீளமாக இருக்கும், அதற்கு இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். பழைய எம்16இல் 55 கிரெய்ன் குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தது. 62 கிரெய்ன் வந்தபோது 7 அங்குலத்துக்கு ஒன்று என்று மாற்றினார்கள். 77 கிரெய்னுக்கு 8 அல்லது 7 வேண்டும். இவன் பார்த்து வைத்ததில் 9! நான்கு அங்குலம் அதிகம் கொடுத்து, வேண்டிய குண்டைச் சுட முடியாத குழல்.

விளம்பரத்தில் மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்த படம் போடுவார்கள். மூன்று குண்டு யாருக்கும் விழும். பத்துக் குண்டு சுட்ட அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும். அதில் நூறு கஜத்துக்கு ஓர் அங்குலம் என்றால் 600இல் ஆறு அங்குலச் சொச்சம். அந்தத் தூரத்துப் பத்துமதிப்பு வட்டத்தின் குறுக்களவு 12 அங்குலம். அதாவது துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று அடித்தால் அதே குண்டு ஏறக்குறைய மூன்றடி தள்ளிப் போகும். நான்கு அங்குலக் குழல் அதில் மீட்டுத் தருவது இரண்டு மூன்று அங்குலம். மீதிக் காற்றைப் படிக்கக் கண்தான் பழக வேண்டும். பழகத் தோட்டா வேண்டும். போட்டித் தரத் தோட்டா ஒன்று ஒரு டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ விற்கிறது. ஆயிரம் சுட்டால் அப்பரின் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொரு செலவையும் அவன் பட்டியலில் காணோம். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அங்கிருந்து வரும் செய்திகளைப் படித்துவிட்டு என் தம்பி மனைவி இரவில் தூங்குவதில்லை. அவள் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பூட்டும் இரும்புப் பெட்டி வாங்கிய பிறகு மிஞ்சுவதுதான் துப்பாக்கிக்கான பணம் என்று அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். 20 அங்குலத்தில் 8 முறுக்கு தேடிக்கொண்டிருக்கிறான்.