கார் அதிர்ந்தா அது பேஸ் இல்லீங்க, தகரம் (இழை)

1) போன வாரம் ஓ.பி.ல ஒரு தம்பி. வயசு இருபத்தி சொச்சம், வாடகை கார் ஓட்டுறார். (அடையாளம் மாத்தியிருக்கேன்.) "ராத்திரி படுத்தா காதுல ஙொய்ய்ங்னு சத்தம் சார், தூங்க முடியல." பார்த்தேன். அழுக்கு இல்ல, சீழ் இல்ல, செவிப்பறை நல்லா இருக்கு. "வண்டில பாட்டு எப்படி கேப்பீங்க?"ன்னு கேட்டதும் முகத்துல பெருமை. "தெருமுனை திரும்பும்போதே வீட்ல தெரிஞ்சிடும் சார்."

2) கேள்திறன் சோதனைக்கு இ.என்.டி.க்கு எழுதிக் குடுத்தேன். போகும்போது சொன்னார்: "பேஸ் வெச்சா டோர் கடகடங்குது. கடைல இன்னும் பெரிய ஆம்ப் போடச் சொல்றாங்க." இந்த இழை அந்த அறிவுரைக்கு எதிரானது. கடகடக்கிற கதவுக்குப் பெரிய ஆம்ப் என்பது வயித்துப்போக்குக்கு விளக்கெண்ணெய் குடுக்கிற வைத்தியம்.

3) டோர் பேட் நடுங்குறது, நம்பர் பிளேட் ஆடுறது, டிக்கி மூடி தட்டுறது, இதெல்லாம் பேஸ் இல்ல. பாட்டா வரவேண்டிய சக்தி தகரத்தை ஆட்டி வீணாகுது. காசு குடுத்தது பாட்டுக்கு, கேக்குறது தகர டப்பா.

4) ஏன் இப்படி? ஸ்பீக்கர் கோன் முன்பக்கம் காத்தைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கும். கதவோட உள்தகரத்துல பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். பல கார்ல அதை மூடியிருக்கிறது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் மட்டும்தான். பின்பக்க அலை அது வழியா வெளிய வந்து முன்பக்க அலையோட சேர்ந்து ரெண்டும் கழிஞ்சு போகும். தாழ்ந்த சத்தத்துல இது ரொம்ப அதிகம். பேஸ் பத்தலைன்னு வால்யூம் கூட்டுறோம், கதவு இன்னும் அதிருது. இந்தச் சுழல்லதான் கடைக்காரருக்கு வியாபாரம்.

5) செய்ய வேண்டியது: போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். 20ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவா ஏத்துங்க. இன்னொருத்தர் ஒவ்வொரு இடமா கையால அழுத்தட்டும். எங்க அழுத்தினா கடகட நிக்குதோ அங்கதான் நோய். உடைஞ்ச கிளிப்பை மாத்துங்க. தட்டுற ஒயருக்கும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடியும் ஃபோம் டேப். டோர் பாக்கெட்ல கிடக்கிற சில்லறையை எடுங்க, பாதி சத்தம் அதுதான்.

6) அடுத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால வெளித்தகரத்துல பியூட்டைல் டேம்பிங் ஷீட். உள்தகர ஓட்டைகளையும் அடைங்க. கதவு முழுக்க ஒட்டத் தேவையில்ல. கதவடியில மழைத்தண்ணி வடியுற துளையை மட்டும் மூடிடாதீங்க, துருப்பிடிக்கும். ஏர்பேக் ஒயர் இருந்தா மெக்கானிக்கை வெச்சு செய்யுங்க.

7) செட்டிங்: சப்வூஃபர் இருந்தா டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. பேஸ் பூஸ்ட் ஆஃப். ஆம்ப்ல இருக்கிற கெயின் வால்யூம் திருகு இல்ல, அதை முழுசா ஏத்தினா சத்தம் கிழியும். என் பழைய காருக்கு மச்சானோட ஒரு ஞாயித்துக்கிழமை இதைச் செஞ்சேன். முன்னாடி 22ல வெச்ச வால்யூம் இப்ப 15ல போதுது.

8) அந்த ஏழு படிக்கட்டுதான் டாக்டருக்கு முக்கியம். அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் வேலை இடத்துக்குச் சொல்ற கணக்கு: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94க்கு 1 மணி நேரம், 100க்கு 15 நிமிஷம். வாடகை கார் ஓட்டுறவருக்கு வண்டிதானே வேலை இடம்? உள்காதுல செத்த முடிசெல் திரும்ப முளைக்காது. அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல.

9) 'பேஸ் கேட்டா நுரையீரல் வெடிக்கும்'னு ஃபார்வர்டு வந்தா நம்பிப் பதறாதீங்க. காருக்குள்ள 1000 வாட் பேஸ் பெட்டி வெச்ச ஒரு இளைஞருக்கு நுரையீரலைச் சுத்தி காத்து கசிஞ்சது 2004ல தொராக்ஸ் இதழ்ல வந்தது உண்மை. ஆனா அது ரொம்ப அபூர்வம். காது கெடுறது அபூர்வம் இல்ல.

10) இன்னொன்னு. உரத்த தாழ்ந்த சத்தம் மேல்சுருதி சத்தத்தை அமுக்கிடும். ஒரு ராத்திரி வலிப்பு வந்த கர்ப்பிணியோட 108ல போய்க்கிட்டிருந்தேன். முன்னாடி ஒரு கார், கண்ணாடி ஏத்தி, தம் தம்னு. சைரன் அலறுது, வழி விடல. கடைசில டிரைவர் அண்ணன் லைட் அடிச்சு அடிச்சுதான் ஒதுங்கினான். கெட்டவன் இல்லீங்க, கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்குக் கேக்கல. தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. அந்த நிமிஷங்களை நான் மறக்கல.

11) "டாக்டருக்கு ரசனை இல்ல"ன்னு வராதீங்க. ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் தனியா ஒரு பாட்டு பாடும், அதுக்காகவே கேக்குறவன் நான். கதவு கடகடத்தா முதல்ல சாகுறது அந்த பேஸ் கிட்டார்தான்.

12) இன்னைக்கே ஒரு சோதனை. காலைல கிளம்பும்போது செய்தி சரியா புரியுற அளவுக்கு வால்யூம் வெச்சு எண்ணைக் குறிச்சுக்கோங்க. நாள் முழுக்க ஓட்டிட்டு, சாயந்திரம் வண்டியை நிறுத்தி அதே எண்ல கேளுங்க. புரியலைன்னா காது களைச்சிருக்கு. தினமும் இப்படின்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க, சோதனை இலவசம். ஆம்ப் கடைக்கு அப்புறம் போலாம்.