காக்கா எச்சமும் குண்டு ஓட்டையும்

எதிர் ஃப்ளாட் பையன் ஒரு வாரமாக, ஆபீஸ் விட்டு வந்ததும் விமானத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். பயப்படாதீர்கள், கம்ப்யூட்டரில்தான்.

விமான விளையாட்டுகளில் விமானத்தின் மேல்தோல் வெறும் படம். டெக்ஸ்சர் என்பார்கள். 2001-ல் வந்த 'ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்'கில் அது 1024-க்கு 1024 புள்ளி, மொத்தமே 256 நிறம். அதற்குள்ளேயே புகைக்கறை, ரிவெட், உரிந்த பெயின்ட் எல்லாம் வரைந்து அசத்தினார்கள் ரசிகர்கள். பையன் வைத்திருப்பது 4096-க்கு 4096.

"நாலு மடங்கா?" என்றேன்.

"பதினாறு சார்" என்று பரிதாபமாகப் பார்த்தான். 1,67,77,216 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் ஒரு படமே 64 எம்.பி.

குண்டு பட்டால்? தோலிலேயே ஓட்டை வரைந்தால் வம்பு. மெமரியை மிச்சம் பிடிக்க, பல விமானங்களில் ஒரே படத்தைத் திருப்பி இரண்டு இறக்கைக்கும் ஒட்டியிருப்பார்கள். இடது பக்கம் சுட்டால் வலது பக்கமும் ஓட்டை விழும்! அதனால் ஓட்டையைத் தனிப் படமாக்கி, சுற்றிலும் ஊடுருவித் தெரிகிற மாதிரி செய்து, பட்ட இடத்தில் மட்டும் ஒட்டுகிறார்கள். இதுதான் டீகால். ஆட்டோ ஸ்டிக்கர் சமாசாரமேதான். தோல் துல்லியமாகவும் ஓட்டை மங்கலாகவும் இருந்துவிட்டால், குண்டு பட்ட மாதிரி இருக்காது. காக்கா எச்சமிட்ட மாதிரி இருக்கும்.

பையனுடைய ஓட்டைகள் பிரமாதம். போரிலிருந்து திரும்பி வந்த குண்டுவீச்சு விமானம். ஆனால் பாதி ஓட்டை எஞ்சின் மேல்.

"எஞ்சின்ல இத்தனை வாங்கினா எப்படிப்பா திரும்பி வந்துது?"

முழித்தான். ஏப்ரகாம் வால்ட் கதையைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த கணித மேதை. திரும்பிய விமானங்களில் எங்கே ஓட்டை அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்றுதான் நமக்கெல்லாம் தோன்றும். 1943-ல் வால்ட் போட்ட கணக்கு நேர் எதிர். ஓட்டை குறைந்த இடம்தான் ஆபத்து. அங்கே அடி வாங்கியவை கணக்குக்கே வரவில்லை; விழுந்துவிட்டன.

பையன் பேசாமல் எஞ்சின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கைக்கு நகர்த்தினான்.

"அப்புறம் வால்ட் என்ன ஆனார் சார்?"

1950-ல் சொற்பொழிவுகளுக்காக மனைவியோடு இந்தியா வந்தார். அந்த டிசம்பரில் அவர்கள் போன விமானம் நம் நீலகிரி மலையில் மோதியது.

திரும்பிப் போகவில்லை.