வேறு வேலை தேடுவது துரோகமா?

பக்கத்து மில்லில் ஆள் எடுக்கிறார்களா என்று ஒரு தொழிலாளி விசாரித்தால் போதும், மேஸ்திரிக்கு மூக்கு வியர்த்துவிடும். "இங்கே கூலி வாங்கிக்கொண்டு அங்கே விலை பேசுகிறாயா?" என்று அதட்டுவார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று ஆபீசிலும் உபதேசம் நடக்கும்.

யார் வீட்டில் யார் உண்டது? எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியை விழுங்கி, அறுந்த இழையையெல்லாம் ஓடி ஓடி இணைத்தவர் வாங்குவது கூலி. தர்மச் சோறு அல்ல. மலிவாகப் பஞ்சு தரும் வியாபாரியை முதலாளி தேடினால் அது கெட்டிக்காரத்தனம். நல்ல கூலி கிடைக்கும் இடத்தைத் தொழிலாளி தேடினால் மட்டும் துரோகமா?

தானமாக வந்த உரிமை அல்ல

1859-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலையை முடி என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை! அதை நீக்கும் சட்டம் 1925-ல்தான் வந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைத் 'துண்டு' கட்டிப்போட்டது. இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக விலை பேசுவான். புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டும். அதுவே புதுக் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். வேலை மாறியது, விலங்கு மாறவில்லை! 1921-ல் சட்டம் துண்டை ஒழித்தது.

தஞ்சைப் பண்ணையாள் வேறு மிராசுதாரிடம் வேலை கேட்க முடிந்ததா? எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. விவசாயத் தொழிலாளர் சங்கம் கண்டு நிமிர்ந்த பிறகே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அடிமைப்படுத்தும் கடனே செல்லாது என்றது.

ஆனால் கயிறு முழுவதும் அறுந்துவிடவில்லை. செங்கல் சூளையில் முன்பணம் இன்னும் குடும்பங்களைக் கட்டுகிறது. மூன்று வருஷம் முடித்தால் மொத்தத் தொகை என்று சொல்லி நூற்பாலைகள் ஏழைப் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' வேறென்ன? நடுவில் வெளியேறிய பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை.

கணக்கோடு தேடுங்கள்

ஆகவே தோழர்களே, தேடுங்கள். ஆனால் கோபத்தில் வேலையை உதறிவிட்டுத் தேடாதீர்கள். அடுப்பில் உலை கொதிக்கும்போது கூலி பேசுவது வேறு. அடுப்பு அணைந்த பிறகு பேசுவது வேறு. பசித்தவனை எதிரே உட்காரவைத்துப் பேரம் பேசுவதுதான் முதலாளிக்குச் சௌகரியம்.

நிரந்தரத் தொழிலாளி ஐந்து வருஷம் முடித்தால் பணிக்கொடை உண்டு. வருஷத்துக்கு 15 நாள் கூலி. கணக்கில் சேரும் மாதக் கூலி 13,000 ரூபாய் என்றால் அதை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்குங்கள். வருஷத்துக்கு 7,500, ஐந்து வருஷத்துக்கு 37,500 ரூபாய். நாலாவது வருஷத்தில் அவசரப்பட்டு விலகினால் அது போயிற்று!

மில் மாறும்போது பி.எப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் பழைய எண்ணிலேயே தொடரச் செய்யுங்கள். முதுமையில் மாதாமாதம் பென்ஷன் வர மொத்தம் 10 வருஷப் பணி வேண்டும். எடுத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு" என்று ஆபீசில் அன்பாகச் சொன்னால் சங்கத்தில் கேட்காமல் எழுதாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் நஷ்டஈடு தர வேண்டும். தானாக விலகினான் என்றால் அது மிச்சம். அந்த அன்பின் விலை அதுதான்!

தெரிந்ததைச் சொல்லுங்கள்

தனி ஒருவர் மில் மாறினால் அவர் கூலி கொஞ்சம் உயரலாம். அவர் விட்ட இடத்தில் நாளைக்கே ஒரு பதிலி குறைந்த கூலிக்கு நிற்பார். இயந்திரமும் அதே, சுமையும் அதே.

எனவே தேடும்போது தெரிந்துகொண்டதை மடியில் முடிந்து வைக்காதீர்கள். எந்த மில்லில் என்ன கூலி, பஞ்சப்படி எவ்வளவு, போனஸ் எவ்வளவு, இரவு ஷிப்டு எப்படி? எல்லாவற்றையும் சங்கத்தில் சொல்லுங்கள். அடுத்த கூலிப் பேச்சில் "இதற்கு மேல் யாரும் தருவதில்லை" என்று நிர்வாகம் கதைத்தால், முகத்துக்கு நேரே காட்ட அந்தக் கணக்கு உதவும். நடவுக்கும் அறுப்புக்கும் பக்கத்து ஊரில் என்ன கூலி என்று விவசாயத் தொழிலாளர்களும் இப்படியே விசாரித்துப் பகிரட்டும்.

போகிறவர் போகட்டும், வாழ்த்தி அனுப்புவோம். போன இடத்தில் முதல் மாதமே சங்கத்தில் சேரட்டும். இருக்கிறவர்கள், போக வேண்டிய அவசியமே இல்லாதபடி இங்கே கூலியை உயர்த்தப் போராடுவோம்.